அப்பாவுக்கு ஒரு பழைய படம்

பழைய படங்களைப் புதிதாக்குவதுதான் என் தொழில். சுன்னாகத்தில் ஓர் அச்சுக் கடையின் பின்னறையில், கணினிக்கு முன்னால் இருந்து செய்கிற வேலை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய வாழ்க்கை வரலாறும் தேவாரங்களும் சேர்த்து ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். அதன் முதற்பக்கத்தில் இறந்தவரின் படம் வரவேண்டும். கொண்டுவருகிற படமோ கறையான் தின்றதாக இருக்கும், இல்லாவிட்டால் பொலித்தீன் பையோடு ஒட்டிப்போனதாக, நாலாக மடித்து யாரோ மடியில் செருகிக்கொண்டு ஓடியதாக இருக்கும். நான் கீறலை மூடுவேன், கறையைத் துடைப்பேன், காணாமற்போன ஒரு தோளுக்கு மற்றத் தோளைப் பிரதியெடுத்து வைப்பேன். வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "உயிரோடை இருக்கேக்கையும் இவ்வளவு வடிவாய் இருக்கேல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே அம்மா ஒருநாள் கடைக்கே வந்து, "பிள்ளை, ஒரு புதுப் படத்தைப் பழசாக்கித் தருவியோ?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழசைப் புதிதாக்கியே கண் கெட்டுப்போன என்னிடம் கேட்கிற கேள்வியா இது என்றேன். அம்மா சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அப்பாவைப் பற்றியது.

காங்கேசன்துறையில் எங்கள் காணி இராணுவத்திடமிருந்து அண்மையில்தான் திரும்பக் கிடைத்தது. நான் பள்ளிக்கூடத்துச் சிறுமியாய் இருந்தபோது சண்டையில் விட்டுவிட்டு ஓடிவந்த காணி. திரும்பப் போனபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, தெருவுக்குப் போகிற ஒழுங்கையின் தடமும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் எங்களுடையது எது என்று பிடித்தோம். அந்தக் கிணற்றடியில் தம்பி ஒரு வீடு கட்டினான். பெரிய வீடில்லை, இரண்டு அறையும் ஒரு ஹோலும் குசினியும். புதுவீட்டில் குடிபுகும் குடிபூரலுக்கு நாளும் வைத்தாயிற்று. அப்போதுதான் அம்மாவுக்கு அந்த எண்ணம் வந்தது. பால் காய்ச்சுகிற அன்று ஹோல் சுவரில் அப்பா இருக்கவேண்டும்.

"அவரின்ரை காணி. அவர் இல்லாமல் நான் எப்பிடி உள்ளுக்குப் போறது?" என்றார்.

அப்பா இறந்தது இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், காய்ச்சலில். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போன மனிதரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை, ஒரு கொட்டிலில் படுத்திருந்தபோது காய்ச்சல் கொண்டுபோயிற்று. கலியாணப் படமும் மற்றப் படங்களும் பழைய வீட்டுச் சுவரிலேயே நின்றுவிட்டன. மிஞ்சியது அவருடைய அடையாள அட்டை மட்டும். அதுவும் அடுத்த ஓட்டத்தில் மழையில் நனைந்து, ஓரம் பிரிந்து, உள்ளே தண்ணீர் போய், முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. உறவுகள் எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டோம். பருத்தித்துறையில் இருக்கிற மாமியிடம், அதாவது அப்பாவின் ஒரே தங்கையிடம், நானே போய்க் கேட்டேன். அவரிடம் இருந்தவற்றைச் சுனாமி அள்ளிக்கொண்டு போயிருந்தது.

அம்மா கண்டுபிடித்த வழி இதுதான். தம்பி அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருப்பான். இப்போது அவனுக்கு ஏறக்குறைய அப்பா போன வயது. அவனை அப்பாவைப் போல் உடுத்தி ஒரு படம் எடுத்து, அதைப் பழசாக்கினால் அப்பா வந்துவிடுவார்.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இல்லாத படத்தை இருக்கிறதாகக் காட்டுவது என்ன வேலை என்று சத்தம் போட்டேன். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் தனக்காக என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சரி என்றேன்.

தம்பியைத் தாடி எடுக்க வைத்ததே பெரிய பாடு. அகலக் காலர் வைத்த சேட்டு ஒன்றை அயலில் நாடகம் போடுகிறவர்களிடம் இரவல் வாங்கினேன். கடையின் பின்சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அவனை ஒரு ஸ்ரூலில் இருத்தி, என் தொலைபேசியில் எடுத்தேன். அம்மா பக்கத்தில் நின்று கட்டளை போட்டார்.

"சிரியாதை. அவர் படத்துக்கு இருந்தால் முழுசிக்கொண்டுதான் இருப்பார். மேல் பொத்தானையும் பூட்டு."

"அக்கா, கெதியா எடு. மூச்சு முட்டுது," என்றான் தம்பி.

வேலை சுலபமாய்த்தான் தெரிந்தது. படத்தைப் பழசாக்கவென்றே தொலைபேசியில் செயலிகள் இருக்கின்றன. ஒரு தட்டுத் தட்டினால் படம் தேயிலைச் சாயத்துக்குப் போய்விடும், ஓரம் கருகிவிடும், மழைத் தூறல்போல் கீறல்கள் விழுந்துவிடும். அப்படி ஒன்றைச் செய்து, நல்ல கடதாசியில் அடித்து, மறுநாள் அம்மாவின் கையில் பெருமையோடு கொடுத்தேன்.

அம்மா வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடனேயே நெருப்பைத் தொட்டவர்போல் மேசையில் போட்டுவிட்டார்.

"எடு உந்தப் படத்தை."

"ஏனம்மா? நல்லா வரேல்லையே?"

"நல்லா வந்ததுதான் பிழை. இது என்ரை பிள்ளையெல்லோ. இதுக்கு நான் மாலை போட்டு விளக்குக் கொளுத்தவோ? அவன் தொழிலுக்குப் போறவன்."

எங்கள் சனத்துக்குத் தொழில் என்றால் கடல்தான். தம்பி விடியுமுன்பே வள்ளத்தில் போகிறவன். அவன் திரும்பிவரும்வரை அம்மா வாசலில் நிற்பதில்லை, அப்படி நின்று காத்திருப்பது கெட்ட சகுனம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வீட்டுக்குள்ளே எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் உயிரோடு இருக்கிற மகனின் படத்துக்கு மாலை போடுவாரா? அவ்வளவு பெரிய விஷயம் எங்கள் மூன்று பேருக்கும் படத்தை அடித்து முடிக்கும்வரை எட்டவில்லை. தாடியையும் காலரையும் யோசித்த நாங்கள் மாலையை யோசிக்கவில்லை.

தம்பி பகிடியாக எடுத்துக்கொண்டான். "எனக்கு நானே மாலை போடுறன் அம்மா. எத்தினை பேருக்கு உது கிடைக்கும்?"

"வாயை மூடடா!" அம்மா கத்திய சத்தத்தில் முன்கடையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி அதற்குப் பிறகு அந்தப் பகிடியைத் திரும்பச் சொல்லவில்லை.

ஆனால் அம்மாவை ஆசையும் விடவில்லை. குசினியில் நின்று அழுதார். அடுத்தநாள் என்னிடம் வந்து ஒரு நிபந்தனை சொன்னார். "பார்க்கேக்கை தம்பி தெரியக்கூடாது. அவர் தெரியவேணும். அப்பிடிச் செய்ய ஏலுமெண்டால் செய். ஏலாதெண்டால் நான் வெறுஞ்சுவரோடை பால் காய்ச்சுறன்."

அன்றிலிருந்து மத்தியானங்களில் அம்மா கடைக்கு வந்து என் பக்கத்தில் ஸ்ரூலில் இருப்பார். நான் செயலிகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். அவை போட்டுத்தருகிற பழசு, அலுமாரியில் அல்பத்துக்குள் நிம்மதியாய் இருந்து பழசான படங்களின் பழசு. எங்கள் படங்கள் அப்படிப் பழசாகவில்லை. அவை ஓடி ஓடிப் பழசானவை. எப்படிக் கிழியும், எங்கே மடியும், லமினேற் பண்ணிய படத்துக்குள் நீர் இறங்கினால் எந்தப் பக்கம் புகைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வருடக்கணக்காய் அவற்றைத் துடைப்பதுதானே என் வேலை.

முதலில் நிறத்தை எடுத்தேன். கறுப்பைக் கறுப்பாக விடாமல் சாம்பலுக்குக் கொண்டுவந்தேன். இந்தக் காலத்துத் தொலைபேசி ஒரு மயிர்க்காலையும் விடாமல் காட்டிவிடுகிறது, அந்தக் கூர்மையைக் கரைத்தேன். பிறகு முகத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டேன். தினமும் பார்க்கிற முகத்தைத் திருப்பிப் போட்டால் அது சட்டென்று அந்நியமாகிவிடும், இது தொழிலில் கண்ட உண்மை. அம்மா உடனே பிடித்துவிட்டார்.

"உச்சி மாறிப்போச்சு. அவர் இடப்பக்கம் இழுக்கிறவர்."

தலைமயிரை மட்டும் பழையபடி திருப்பி வைத்தேன். தம்பியின் புருவத்தில் தூண்டில் கிழித்த அடையாளம் ஒன்று இருந்தது, அதன் மேலால் ஒரு மடிப்பை ஓட்டினேன். வாயோரத்தில் அப்பாவுக்குக் கோடு இருந்ததா என்று கேட்டேன். அம்மா யோசித்தார். "சிரிக்கேக்கை மட்டும்" என்றார். பிறகு எதற்குச் சிரிப்பார் என்று சொல்லத் தொடங்கினார். கலியாணமான புதிதில் அம்மா வைத்த முதல் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் போய்க் கிணற்றடியில் நின்று சிரித்தாராம். அதில் புளி விடவே இல்லையாம். தேவைக்கும் கதைக்காத மனிதர் என்றுதான் அப்பாவை நான் எண்ணியிருந்தேன். தனியே போய் நின்று சிரிக்கிற மனிதர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மா அப்பாவைப் பற்றி வாய் திறந்தது அந்த மத்தியானங்களில்தான். முன்பெல்லாம் நாங்கள் கேட்டால் எழுந்து போய்விடுவார். இப்போது ஒரு கன்னத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு கதை வரும், கழுத்தைப் பற்றிக் கேட்டால் இன்னொன்று வரும். வேலை முடியாமல் இழுபடுவது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, முடிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. இன்றைக்கும் அந்த ஸ்ரூலைப் பார்க்கும்போது நான் எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவுக்கும் நினைவில்லாத இடங்கள் இருந்தன. அங்கெல்லாம் ஒரு கறையையோ உராய்வையோ வைத்தேன். அப்படி வைத்து வைத்துப் போனதில் ஒருநாள் எல்லை தாண்டிவிட்டேன்.

"இப்ப தம்பியும் இல்லை, அவரும் இல்லை," என்றார் அம்மா. "ஆரோ கந்தோரிலை வேலை செய்யிற மனுசன்."

உண்மைதான். பென்சன் எடுக்கப்போகிற ஒரு கிளாக்கர் திரையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. குடிபூரல் கிட்ட வந்துவிட்டது. இனி ஏலாது அம்மா என்று சொல்லிக் கணினியை நிறுத்தப் போனேன்.

அப்போது அம்மா கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அப்பாவின் அடையாள அட்டை.

"இதுக்குள்ளை ஏதும் தெரியுதோ எண்டு உந்த மிசினிலை வைச்சுப் பார்," என்றார்.

ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் மனம் ஆறட்டும் என்று ஸ்கான் செய்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, நினைத்தபடியே முகம் இல்லை. ஆனால் தண்ணீர் வந்து போன வழி இருந்தது. ஓரத்திலிருந்து அலையலையாய் உள்ளே வந்து, நடுவில் நின்று, காய்ந்து, திரும்பவும் வந்த கோடுகள். கீழ் மூலையில், தண்ணீர் தொடாமல் விட்ட இடத்தில், நகக்கண் அளவில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. சேட்டுக் காலரின் முனையும் பூட்டிய பொத்தானும். அது அப்பாவுடைய காலர்.

நான் அதுவரை போட்ட கறைகள் எல்லாவற்றையும் அழித்தேன். அப்பாவின் முகத்தை அழித்த அதே தண்ணீர்க் கறையைப் பிரித்தெடுத்து, தம்பியின் படத்தின் மேல் மெல்லிதாக விரித்தேன். நாடகக்காரரின் காலரை வெட்டிவிட்டு அந்த நகக்கண் துண்டை அதன் இடத்தில் பொருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. செய்கிறபோதே என் கை மெதுவாகிவிட்டது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, ஸ்ரூலில் நிமிர்ந்து இருந்தார். யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதுபோல் இருந்தது அவருடைய இருப்பு. பிறகு திரையைப் பார்த்து, "மெலிஞ்சு போனியள்," என்றார்.

படத்தை அடித்து, சட்டம் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி வைத்தோம். ஆனாலும் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. குடிபூரலுக்கு மாமி வருவார். அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்த ஒரே ஆள் அவர்தான். வாயில் வந்ததைச் சபையில் சொல்லிவிடுகிற பழக்கமும் அவருக்கு உண்டு. என் கலியாண வீட்டில் பந்தியில் இருந்துகொண்டே, மாப்பிள்ளைக்கு என்னைவிட நிறம் அதிகம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேட்கும்படி சொன்னவர். அந்தப் படத்தைப் பார்த்து, "உது உன்ரை மோனெல்லோ மச்சாள்?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா அந்த இடத்திலேயே படத்தைக் கழற்றிவிடுவார். பிறகு தம்பி கடலில் இருக்கிற ஒவ்வொரு விடியலிலும், தன் கையாலேயே அவனுக்கு மாலை போட்டுவிட்டேன் என்று எண்ணி எண்ணிச் சாவார். அதை யாராலும் அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது.

அன்று காலையில் பால் பொங்கியது. சாமிப் படங்களுக்குத் தீபம் காட்டினார்கள். மாமி நீர்வேலியில் இறங்கி வாங்கிய ஒரு பெரிய கதலி வாழைக்குலையோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, குசினி சின்னன் என்று முதலில் சொன்னார். தம்பி ஆணி அடித்துப் படத்தை மாட்டினான். அம்மா துணியை எடுத்தார்.

சனம் பார்த்தது. அயலில் பலர் அப்பாவை அறியாதவர்கள். மாமி மட்டும் முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அம்மா மாலையைக் கையில் பிடித்தபடி மாமியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உந்தப் படமோ!" என்றார் மாமி, வீடு முழுக்கக் கேட்க. "உது எடுக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். பெரியகடைப் பக்கம் ஒரு ஸ்ரூடியோ. எடுத்து முடிய அண்ணை எனக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கித் தந்தவர். எங்கை மச்சாள் கிடந்தது உது?"

"கிடைச்சுது," என்றார் அம்மா. "இப்பதான் கிடைச்சுது."

அந்தப் படத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துச் செய்வித்தவரே அம்மாதான். என்றாலும் அந்த நிமிடத்தில் மாமியை அவர் நம்பினார். அது அவருடைய தோள் இறங்கியதில் தெரிந்தது. மாலையைத் தம்பியிடம் கொடுத்தார். அவன் ஒரு பகிடியும் விடாமல், கண்ணை மூடிக்கொண்டு அப்பாவுக்குப் போட்டான். அம்மா விளக்கைக் கொளுத்தினார். நான் குசினிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். நன்றி என்ற சொல்லை நாங்கள் வீட்டாரிடம் சொல்வதில்லை, சொன்னால் அந்நியமாய் இருக்கும். அன்று யாரிடமாவது அதைச் சொல்லவேண்டும்போல் எனக்கு இருந்தது.

சாப்பாடு முடிந்து மாமியை வழியனுப்ப ஒழுங்கை முகப்பு வரை போனேன். ஓட்டோ வரும்வரை நின்றோம்.

"உந்தப் படம் செய்தது நீதானே?" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஓம் மாமி."

"கண்டவுடனை தெரியும். நான் தூக்கி வளர்த்த பெடியனெல்லோ. காது காட்டிக் குடுத்திட்டுது. அண்ணைக்கு உப்பிடி விரிஞ்ச காதில்லை, தலையோடை ஒட்டின காது."

"பேந்து ஏன் மாமி அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"மச்சாளின்ரை கையைப் பாத்தனான். மாலை ஆடிக்கொண்டு நிக்குது. அவன் நாளைக்குத் தொழிலுக்குப் போகவேணுமெல்லோ." ஓட்டோ வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தார். "ரொட்டி வாங்கித் தந்தது உண்மை பிள்ளை. படம் எடுத்ததுதான் பொய்."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். என் கலியாணத்தில் சொன்னதை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன். இனி என்ன சொன்னாலும் மன்னிப்பேன் என்றும் நினைத்துக்கொண்டேன். அதற்குள் ஓட்டோ வந்துவிட்டது. மாமி ஏறி, சேலையைச் சரிசெய்து இருந்தார். ஓட்டோ வெளிக்கிடும்போது சாரதியை நிற்கச் சொல்லிவிட்டு வெளியே தலையை நீட்டினார்.

"காதைத் திருத்திப்போட்டு எனக்கும் ஒண்டு அடிச்சுத் தா பிள்ளை," என்றார். "எனக்கும் அண்ணையைப் பாக்கவேணும்."